மிச்சமிருந்த சொட்டு மருந்து

இன்று அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் பக்கத்து வீட்டு செல்வி ஏறினாள். காதில் பஞ்சு.

"இன்னும் வலி நிக்கலையா?" என்றேன்.

"நீங்க குடுத்த சொட்டு மருந்த விட்டதுலருந்து தலை சுத்துதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். காது சவ்வுல ஓட்டை இருக்காம். அதுக்கு இந்த மருந்த விடவே கூடாதாம்."

போன மாதம் என் காதுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து அது. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல், கறிவேப்பிலை கொடுப்பதுபோல் சுவருக்கு மேலாக நீட்டியிருந்தேன். "எனக்கு ரெண்டே நாள்ல சரியாப் போச்சு" என்று வேறு சொல்லியிருந்தேன்.

"காது பழையபடி கேக்குமாமா?"

"பாத்துத்தான் சொல்லணுமாம். யாரு குடுத்தானு டாக்டர் சத்தம் போட்டாரு. உங்க பேரச் சொல்லலக்கா."



வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், கதவில் பாதி தீர்ந்த மருந்து பாட்டில்கள் இன்னும் மூன்று.

உங்கள் ஃப்ரிட்ஜில் எத்தனை இருக்கின்றன? யாருக்காக வைத்திருக்கிறீர்கள்?