வழுக்குதா மச்சான்?

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அப்பாவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே இருக்கும் குப்பத்தில் போய் அவரையே கேட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் மட்டும் போகாதீர்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

2005 ஆகஸ்ட். சுனாமி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நிவாரணமாக ஒரு ஃபைபர் படகும் ஒரு சின்ன மோட்டாரும் இரண்டு குடும்பத்துக்குச் சேர்த்துக் கிடைத்தன. ஒன்று அப்பாவு குடும்பம். இன்னொன்று அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி ஆதிமூலத்தின் குடும்பம். அந்த மோட்டார் படுத்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

மோட்டாருக்கு எண்ணெய் கலப்பது ஆதிமூலத்தின் வேலை. புது மோட்டார் என்பதால் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கு நாற்பது மில்லி டூ-டி ஆயில். குறைந்தால் உள்ளே பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் பிளக்கில் கரி பிடித்து நடுக்கடலில் மக்கர் பண்ணும். மற்றவர்கள் குத்துமதிப்பாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் குழந்தைகளின் பால்புட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, கோடு பார்த்து அளந்து ஊற்றுவார். கேனை நன்றாகக் குலுக்குவார். பிறகு ஒரு சொட்டு எடுத்து அப்பாவுவின் விரலில் வைப்பார்.

"வழுக்குதா மச்சான்?"

"வழுக்குது."

அதற்குப் பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும். ஒருநாள்கூட இது தவறியதில்லை.

பதினேழாம் தேதி, புதன்கிழமை. ஆதிமூலம் பத்து லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு மரக்காணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மண்ணெண்ணெயும் ஆயிலும் வாங்கி அங்கேயே கலந்து கொண்டுவருவார். நேரமாகிவிட்டால் அக்கா வீட்டில் தங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவு வாசலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக 6.40.

"அப்பாவு..."

உப்பளப் பக்கமிருந்து குரல்.

"அப்பாவு..."

ஆதிமூலத்தின் குரல் மாதிரியே இருந்தது. அதனாலேயே அவர் திரும்பவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் பதில் சொல்ல வேண்டும். செத்தவர்கள் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். அதுவும் தெரிந்தவர்கள் குரலில்தான் கூப்பிடுவார்கள். சுனாமிக்குப் பிறகு குப்பத்தில் எல்லாரும் இதில் கறாராக இருந்தார்கள். மூன்றாவது குரல் வரவில்லை. நல்லவேளை என்று அப்பாவு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை 5.05. படகு பக்கத்தில் ஆதிமூலம் நின்றுகொண்டிருந்தார். கையில் கேன். அதன் கைப்பிடியில் எப்போதும் கட்டியிருக்கும் சிவப்புத் துணி.

"எப்ப வந்தே மச்சான்?"

"வந்துட்டேன்."

"கடலுக்கு வர்லியா?"

"கால் மாட்டிக்கிச்சு. நீ போ."

லுங்கி நனைந்திருந்தது. முழங்கால்வரை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அவர் கேனைக் குலுக்கவில்லை. விரலில் சொட்டு வைக்கவில்லை. வழுக்குதா என்று கேட்கவும் இல்லை. அப்பாவுவுக்கு என்னமோ போல இருந்தது. ஆனாலும் ஆதிமூலம் கலந்ததைப் போய்ச் சோதித்துப் பார்ப்பதா என்று கேனை வாங்கி வைத்துக்கொண்டார்.

டேங்கில் முந்தைய நாள் எண்ணெய் மீதி இருந்தது. அதிலேயே ஓடி, வலை விட்டு, இழுத்து வாங்கியும் முடித்தார். 11.50க்கு டேங்க் காலி. புதுக் கேனைத் திறந்து ஊற்றினார். மோட்டார் பிடித்துக்கொண்டது.

ஆனால் எப்போதும் வரும் ஆயில் புகை வரவில்லை.

சத்தமும் வேறாக இருந்தது... இரும்பை இரும்பு தின்கிற மாதிரி.

12.08.

கிறீச்ச்ச்...

நின்றுவிட்டது. மோட்டார் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. கேனுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

வழுக்கவில்லை.

ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. அப்பாவுவுக்குப் பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டவன். தெரிந்தேதான் செய்திருக்கிறான். தான் வராமல் நின்றுகொண்டு, இவரை மட்டும் அனுப்பிவிட்டான்.

"துரோகி!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.

உச்சி வெயில். காற்றே இல்லை.

பின்னால்... காதுக்குப் பக்கத்தில்...

"வழுக்குதா... மச்சான்?"

திரும்பினார்.

யாரும் இல்லை.

பலகையில் இரண்டு ஈரக் கால்தடம். சுற்றிலும் உப்பு.

தூரத்தில் ஒரு படகு போனது. கத்தினார். திரும்பவில்லை. மறுபடி கத்தினார். திரும்பவில்லை. மூன்றாவது தடவை...

திரும்பியது.

"மொத ரெண்டு தபாவும் கேட்டுச்சு," என்றான் அந்தப் படகுக்காரன், கயிறு கட்டிக்கொண்டே. "மூணாவது தபா கூப்ட்டதாலதான் வந்தோம்."

கரை சேர்ந்தபோது மணி 3.20. அந்தக் கேனை ஆதிமூலத்தின் முகத்திலேயே வீசவேண்டும் என்று அப்பாவு படகில் தேடினார். கேன் இல்லை. வெறுங்கையோடு ஆதிமூலத்தின் வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் கூட்டம். ஆதிமூலத்தின் மனைவி அருக்காணி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பெஞ்சில் ஆதிமூலத்தைக் கிடத்தியிருந்தார்கள். குறுக்கு வழியாக உப்பள வரப்பில் வந்தவர், தண்ணீர் பாய்கிற கால்வாயில் விழுந்து, சேற்றில் கால் மாட்டிக்கொண்டாராம். கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறி மூழ்கடித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு உப்பளத்து ஆட்கள் எடுத்திருக்கிறார்கள். சட்டைப்பையில் பால்புட்டி. பக்கத்தில் அதே கேன், அதே சிவப்புத் துணி. மூடி திறக்காமல், நிறைய.

அப்பாவு மூடியைத் திறந்தார். ஒரு சொட்டைத் தொட்டுத் தேய்த்தார்.

வழுக்கியது.

"எப்போ... எப்போ நடந்துச்சு?"

உப்பளத்தில் கூலிக்குப் போகும் சாலம்மாள்தான் சொன்னாள்.

"நேத்து சாயந்திரமேப்பா. ஆறு நாப்பது பஸ்ஸு போச்சே, அப்பதான். நான் வூட்டுக்குப் போயினு இருந்தேன். ரெண்டு தபா கூப்ட்டாரு. உன் பேரைத்தான் கூப்ட்டாரு. நீ வாசல்லதானே குந்தினு இருந்தே... நீ போவேன்னு நெனச்சு நான் போயிட்டேன்."

கடலில் துரோகி என்று கத்தியது யாரைப் பார்த்து என்பது அப்பாவுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் போகாதீர்கள் என்றேன் அல்லவா? இப்போதும் தினம் 6.40க்கு அவர் உப்பளத்தைப் பார்த்து வாசலில் உட்காருகிறார். யாரும் கூப்பிடுவதில்லை. அவர் மட்டும் பதில் சொல்கிறார்.

"தோ வர்றேன் மச்சான்..."