மதில்மேல் ஒரு தீப்பெட்டி

எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: பழக்கம், நம்பிக்கை, கொள்கை, கோட்பாடு. நான்கும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல என்றார். தன்னையறியாமல் ஒட்டிக்கொள்வது பழக்கம். நம்பிக்கை மனசுக்குள் இருப்பது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இப்படித்தான் நடப்பேன் என்று ஒருவர் தானே வைத்துக்கொள்வது கொள்கை. இதுதான் உண்மை என்று ஒரு கூட்டமே ஏற்றுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தால் அது கோட்பாடு. திங்கட்கிழமை ஆளுக்கு நான்கு உதாரணம் வேண்டும், வீட்டிலிருந்து.

எனக்கு அலைச்சல் இல்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரே சொல்லும் தொழிற்சாலையை நடத்திய பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள் நான். தீப்பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். சத்தத்திலேயே குச்சி எத்தனை என்று தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. கயத்தாறு தாண்டி நடக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை என்பது கொள்கை. கோட்பாடு மட்டும் சிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது தானாகவே வந்தது. நல்ல மழை, கரண்ட் இல்லை. பெரியம்மா விளக்கேற்றி முடித்த நேரம், அடுத்த வீட்டு அக்கா நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

“ஒரு தீப்பெட்டி குடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்குப் பால் காய்ச்சணும். கூரை ஒழுகி எங்க பெட்டி நமுத்துப்போச்சு.”

எங்கள் முன்னறையில் சுவர் தெரியாத அளவுக்குத் தீப்பெட்டி பண்டல்கள். பெரியப்பா அவற்றின் நடுவே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பெறவு வீட்டுல இருந்து தீயை எடுத்துக் குடுக்கக் கூடாதும்மா. எங்க அய்யா சொல்லிக் குடுத்தது.”

“நமுத்த பெட்டியும் உங்க ஆபீஸ் பெட்டிதான் அண்ணாச்சி.”

“எங்க பெட்டி நமுக்காது. உங்க கூரையைப் பாரு.”

குழந்தை பசியில் கத்த, நான் நோட்டு எடுக்க ஓடினேன். பிற்காலத்தில் எழுதிப் பிழைக்கப் போகிறவளின் லட்சணம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்து ஒரு சந்தேகம் கேட்டேன். “அப்ப போன வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம தீப்பெட்டி லாரி போச்சே பெரியப்பா? அது பூரா தீதானே?”

“ஏட்டி, அது ஆபீஸுல இருந்து போச்சு. இது வீடு.”

எழுதிக்கொண்டேன். சமையலறையிலிருந்து பெரியம்மா யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: “மதிலு வரைக்கும் நம்ம வீடுதான். மதிலு மேல இருக்கதை யாரும் எடுத்துட்டுப் போனா, அது குடுத்ததாகுமா?”

பெரியப்பா எழுந்தார். ஒரு பெட்டியைக் காதருகே ஆட்டியபடி, “பின்கதவு சாத்திருக்கான்னு பாத்துட்டு வாரேன்” என்று குடையில்லாமல் போனார். தலை நனைந்து திரும்பி வந்தவர் அக்காவிடம், “மதிலோரமாப் போம்மா. முன்னால கரிசல் சகதி, கால் வழுக்கும்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது. தூங்கியிருக்கும் என்று நினைத்தேன். ‘கோட்பாடு: எங்கள் பெரியப்பா. பச்சைப்பிள்ளை அழுதாலும் வளையமாட்டார்’ என்று எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டவர், “சரியாத்தான் எழுதிருக்க” என்றார். தமிழ் ஐயா அதற்கு ‘மிக நன்று’ போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் முன்பே, மதில்மேல் ஒரு தீப்பெட்டி இருந்தது. நனையாமலிருக்க மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்திருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று பொறுப்பாக எடுத்துவந்து பண்டல்களோடு சேர்த்தேன். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நான்கு வாரம் எங்கள் வீட்டுக் கோட்பாட்டை நான் தனியாளாகக் காப்பாற்றினேன். ஒருவரும் பாராட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி எழுந்து போவார். அந்தக் கதவுக்கு என்னதான் கோளாறு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.