கரை தெரியாத இடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய சுக்குக் கிடங்கைத் திருத்திக் கட்டிய விடுதி. மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்தால் இன்றும் சுக்கு வாசனை வரும். வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் நான் ஆசைப்பட்டுச் செய்தது வேறு. "இங்கிருந்து அடுத்து எங்கே போகலாம்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு அவருடைய அடுத்த பத்து நாளையும் நானே வாழ்ந்து முடித்துவிடுவேன். ஹம்பிக்கு எந்த ரயில், எந்த மாதம் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும், இமயமலையில் ஸ்பிதிக்கு ஏறும் முன் உடம்பை எங்கே இரண்டு நாள் பழக்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

"அம்மா ஊருக்கெல்லாம் வழி சொல்லும். பக்கத்துல இருக்கற தோப்பும்படி தாண்டிப் போனதில்ல" என்று மகள் ஒருநாள் கேலி செய்தாள். அவள் காக்கநாட்டில் வேலை பார்க்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். யாரைக் கொண்டு பிறந்தாள் என்று கேட்க வேண்டாம்.

அந்தக் கேலி சுருக்கென்றது. அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்டேன். முதல் வருடம் பழைய நகரங்கள், இரண்டாம் வருடம் மலைகள். மூன்றாவது வருடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு என் கணவரிடம் கேட்டேன், "உங்களுக்கு எங்க போகணும்? சும்மா சொல்லுங்க."

அவர் தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எது கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பதுதான் அவர் பதில். அன்று மட்டும் சாயா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கப்பல்ல தீவுக்குப் போகணும்."

லட்சத்தீவைச் சொன்னார். அந்தக் கப்பல் எங்களுக்கு எதிர்க்கரையிலிருந்துதான் புறப்படும். வெள்ளையாக, மாடி மாடியாக, எத்தனையோ முறை அது போவதைப் பார்த்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முப்பது வருஷமா கடல் தண்ணியிலதான் கை கழுவறீங்க. பின்ன கடல் பாக்க லீவு போடணுமாக்கும்?"

"நான் எங்க கடல் பாத்தேன்? எஞ்சினைத்தானே பாத்தேன்" என்றார். "டிரயல் பாக்கப் படகுல போவோம். காயல் கடல்ல சேர்ற அழிமுகம் தாண்டினதும் திருப்பிருவாங்க. எப்பத் திரும்பிப் பாத்தாலும் கரை தெரியும். ஒரே ஒரு தடவை, சுத்தி எந்தப் பக்கமும் கரை தெரியாத இடத்துல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்."

மூன்றாவது வருடத்துக்கு நேராக "தீவு" என்று எழுதினேன். உள்ளூர் மாடு விலைபோகாது. வாசலில் கட்டிக் கிடக்கும் கப்பல்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், பக்கத்தில் இருப்பது காத்திருக்கும். இது அப்போது எனக்குப் பெரிய அறிவாகத் தெரிந்தது.

விடுதியில் எனக்கு ஜூலையில்தான் லீவு கிடைக்கும், மழையில் விருந்தாளிகள் குறைவு என்பதால். அந்த மாதம் அவருக்கு என்ன மாதம் என்பது எனக்குத் தெரியாததல்ல. மழைக்கால மீன்பிடித் தடையில் படகெல்லாம் கரையேறி நிற்கும், எஞ்சினைப் பிரித்துப் போட அப்போதுதான் நேரம். வருடம் முழுவதும் அவர் காத்திருப்பது அந்த ஐம்பது நாளுக்காக. இரண்டு ஜூலையிலும் பத்து பத்து நாள் அதை விட்டுவிட்டு என் பின்னால் வந்தார். "கூட்டாளி பாத்துப்பாரு" என்று ஒரே வார்த்தை. நான் அதை அவர் பெருந்தன்மை என்றுகூட எண்ணவில்லை. திட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று எண்ணினேன்.

ஹம்பியில் நான் கல் மண்டபங்களைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது அவரைக் காணோம். தேடிப் போனால், ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் ஸ்டார்ட் ஆகாத டிராக்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கன்னடம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அந்த விவசாயியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு பாதாமி, பீஜாப்பூர் எல்லா இடத்திலும் என் கூடவே நின்றார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. அந்தப் பயணத்தின் படங்களில் அவர் எங்குமே இல்லை. படம் எடுத்தவரும் அவரில்லை. பை பிடித்திருந்தார்.

ஸ்பிதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. தலைவலி வேறு. விருந்தாளிகளுக்கு நான் சொல்லும் அந்த இரண்டு நாள் பழக்கத்தை எங்கள் திட்டத்தில் ஒரு நாளாகக் குறைத்திருந்தேன், இன்னொரு கணவாயைச் சேர்க்க. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். மொட்டை மலைக்கு நடுவே வண்டியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா, எனக்கு வந்து சொல்லு" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதைப் பொய் சொல்ல மாட்டேன். பிற்பாடு வந்த நோய்க்கும் அந்த மலைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். பாதி நாள் அதை நம்புகிறேன்.

மூன்றாம் வருடம், ஜனவரியில், அவர் கையில் காகிதங்களோடு வந்தார். தீவுக்குப் போக அனுமதி வேண்டும். தீவுக்காரர் ஒருவர் நம்மை அழைத்துக் கையெழுத்துப் போட வேண்டும், நம் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். ரேஷன் கார்டுக்குக்கூட ஒரு அலுவலகத்தின் படி ஏறாத மனுஷர், போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று முறை நடந்திருக்கிறார். படகு பழுது பார்க்க வந்த தீவுக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மகளைப் பிடித்து விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறார். எல்லாம் எனக்குத் தெரியாமல். பிப்ரவரியில் கப்பல், ஐந்து நாள், இரண்டு பேர்.

"தீவுப் பக்கம் கப்பல் கரைக்கு வராதாம்" என்று உற்சாகமாகச் சொன்னார். "கடல்லயே நிக்குமாம். சின்னப் படகு வரும், அதுல இறங்கணும். அலை படகைத் தூக்கிட்டு வரும்போது கால் வைக்கணும், இறங்கும்போது வெச்சா போச்சு." கட்டில் விளிம்பில் ஏறி நின்று, ஒற்றைக் காலில் இறங்கிக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயது மனுஷர்.

நான் கேட்டது இதுதான்: "பிப்ரவரியில யாரு லீவு தருவா? ஜூலைன்னுதானே எழுதியிருக்கேன்?"

"ஜூலையில கடல் கிடந்து ஆடும். கப்பல் சரியா ஓடாதுல்ல" என்றார், மெதுவாக.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இமயமலைக்கு மாதம் பார்த்தவள், ராஜஸ்தானுக்கு மாதம் பார்த்துப் பிறருக்கு எழுதிக் கொடுத்தவள், என் வாசல் கடலுக்குப் பார்க்கவில்லை. அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் நோட்டில் எழுதும்போதே தெரிந்திருக்கிறது. சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். தப்பு செய்தவளுக்குத்தானே கோபம் முதலில் வரும். வந்தது.

"அப்ப நான் போட்டதெல்லாம் தப்பு, நீங்க போட்டதுதான் சரி!"

அவர் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு கேட்டார், "அப்படின்னா நான் மட்டும் போய்ட்டு வரட்டா? அஞ்சே நாள்."

அதற்கு நான் சொன்ன பதிலை எத்தனையோ முறை மனதுக்குள் திருத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "போங்க, தாராளமா போங்க. கூட வாழ்ந்தவளை விட்டுட்டுத் தனியா ஊர் சுத்தற வயசுதானே இது. அங்கேயே ஒரு படகைப் பிடிச்சு இருந்துக்குங்க, திரும்பி வர வேணாம்." இதுதான் சொன்னது. திருத்திச் சொல்லும்போது, "போய்ட்டு வாங்க" என்று இரண்டே வார்த்தை.

அவர் சிரித்தார். "சரி விடு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று காகிதங்களை மடித்து டிவிக்குக் கீழே வைத்தார். பிப்ரவரியில் ஒருநாள் மாலை அந்தக் கப்பல் போனதை இருவரும் கடற்கரையில் நின்று பார்த்தோம். அதில்தான் எங்களுக்கு இடம் இருந்தது என்று இருவருக்கும் தெரியும். நான் சுண்டல் வாங்கினேன்.

மே மாதம், பட்டறையில் ஒரு ஸ்பானரை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய், பாதி திரும்பின. பேச்சு திரும்பியது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத் தருகிறார். ஒரு மாதம் லீவு வேண்டும் என்று விடுதி முதலாளியிடம் போய் நின்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "போங்க சேச்சி. நீங்க கேட்டு நான் எப்பவாவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?" என்றார். சொன்னதில்லைதான். நான் கேட்டதே இல்லை. பிப்ரவரிக்கும் கேட்கவில்லை.

இப்போது கோலை ஊன்றி நடக்கிறார். பிளேனில் போகலாமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். தீவுக்குக் கொச்சியிலிருந்தே பிளேன் இருக்கிறது. "பிளேன்ல... கடல் நடுவுல... நிக்க முடியுமா?" என்றார். கேட்டது ஞாயம்தான். கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த் தீவில் இறங்காமலே திரும்பி வரலாமா என்றுகூடக் கேட்டேன். அதற்கு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். எல்லோரும் அலை பார்த்துக் கால் வைத்து இறங்கும்போது, கால் சரியில்லாமல் தான் மட்டும் கப்பலில் நிற்பதைப் பிறர் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

போன மாதம் மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து, புதிதாக விட்டிருக்கும் மெட்ரோ படகில் அவரைக் கூட்டிப் போனேன். துறையும் படகும் ஒரே மட்டம், கோலோடு அப்படியே நடந்து உள்ளே போகலாம். அதுதான் என் புதிய திட்டம். நோட்டில் எழுதவில்லை. ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். படகு புறப்பட்டது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எஞ்சின் சத்தமே... இல்லையே."

"பேட்டரியாம். இதுல உங்களுக்கு வேலை இல்ல" என்றேன். சிரித்தார். ஒரு பக்கம் கிடங்குகள், மறுபக்கம் வில்லிங்டன் தீவு, தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள். எங்கே பார்த்தாலும் கரை. இதற்கா இவரை அழைத்து வந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. ஆனாலும் அன்று சொன்னேன்.

"அன்னைக்கு உங்களைப் போகச் சொல்லியிருக்கணும். என் வாய்தான். என்னை மன்னிச்சிருங்க."

அவர் என் கையை இடது கையால் தட்டிக்கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, தூக்கம் வருதா?"

"இல்ல" என்றார். "கரை... தெரியாம... இருக்கட்டும்னு."

அப்படியே இருந்தார். நான் கண்ணை மூடவில்லை. இறங்கும் இடம் வந்தால் அவருக்குச் சொல்ல ஒருத்தி வேண்டுமே.