பதினொரு நாள் காயம்

எங்கள் சீரியலில் அவளை எல்லோரும் காயக்கா என்றுதான் கூப்பிடுவோம். நடிகைகளை அழகாக்குவதற்கு வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். இவள் வேலை அடிபட்ட இடத்தை உண்டாக்குவது. கிழிந்த உதடு, வீங்கிய கன்னம், கழுத்தில் விரல் தடம் எல்லாம் இவள் கைவண்ணம். வயது நாற்பத்திரண்டு. சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தால் விரலெல்லாம் ஊதாவும் பச்சையுமாக இருக்கும். "கையக் கழுவிட்டு உக்காரேன், பாத்தாலே சோறு இறங்கல" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். "கழுவினாப் போற சாயமா இது?" என்று சிரிப்பாள். அது தண்ணீருக்கும் போகாது, வியர்வைக்கும் போகாது. அதற்கென்று இருக்கிற மருந்தைத் தொட்டுத் துடைத்தால்தான் போகும்.

நான் அங்கே கண்டினியூட்டி பார்க்கிறவள். காலையில் எடுத்த காட்சியில் இடது தோளில் தொங்கிய பை மாலையில் வலது தோளுக்குத் தாவிவிடக் கூடாது. பாதி குடித்த டீ மறுபடி நிறைந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மற்றவர்கள் தப்பைச் சொல்லிக் காட்டிச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு. இதற்குக் கூர்மையான கண்ணும் கொஞ்சம் முன்கோபமும் வேண்டும். எனக்கு இரண்டாவது தேவைக்கு மேலேயே இருக்கிறது என்பார்கள்.

எங்களுடையது போலீஸ் சீரியல். ஒரு பெண்ணுக்கு நடக்கக் கூடாதது நடந்து முடிந்த பிறகுதான் ஒவ்வொரு கதையும் தொடங்கும். நடந்ததை ஒருநாளும் காட்ட மாட்டோம். அது டைரக்டரம்மா போட்ட சட்டம். சேனல்காரர்கள் குழைந்து குழைந்து கேட்டுப் பார்த்தார்கள். "லேசா ஒரு நிமிஷம் காட்டுங்க மேடம், அப்பதான் ஜனங்க பாப்பாங்க." அவர் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "அப்ப நீங்களே எடுத்துக்குங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கதையில் வருகிற இன்ஸ்பெக்டரம்மா கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி குடிக்கறியாம்மா?" அடுத்து, "நீ சொல்றத நான் நம்புறேன். மெதுவாச் சொல்லு." அந்தப் பெண் பேசி முடிக்கிறவரை கேமரா அவள் முகத்தை விட்டு நகராது. இந்த வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அந்த வசனம் வருகிற நாளில் லைட் தூக்குகிற தடியர்கள்கூட சத்தம் போடாமல் நிற்பார்கள்.

காயக்காவிடம் ஒரு பழைய அட்டை உண்டு. கன்றிப்போன இடம் எந்த நாளில் என்ன நிறத்தில் இருக்கும் என்று எழுதி, பக்கத்தில் நிறத்தையும் தீட்டி வைத்திருப்பாள். முதல் நாள் சிவப்பு. நாலாம் நாள் நல்ல ஊதா. ஏழாம் நாள் பச்சை. பதினோராம் நாள் வெளிறிய மஞ்சள். பன்னிரண்டாம் நாள் ஒன்றுமில்லை. "டாக்டரக் கேட்டு எழுதினதா?" என்று ஒருநாள் கேட்டேன். "பாத்து எழுதினது" என்றாள். யாரைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை. ஊரார் தப்பையெல்லாம் கேட்கிற வாய், கேட்க வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது.

சீரியலின் போன சீசனில் ஒரு கதை வந்தது. பதினேழு வயதுப் பெண், சொந்தத்தில் ஒரு ஆள். மேல்கையில் விரல் பதிந்த தடம் வேண்டும் என்று எழுதியிருந்தது. காயக்கா நடிகையை உட்காரவைத்து வலது கையைத் தூக்கினாள். நான் விடவில்லை. "இடது கை. ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம்தான். வலதுல போட்டா சுவத்துப் பக்கம் போயிடும்" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு இடது கைக்கு மாறினாள். வழக்கமாகப் பத்து நிமிட வேலை, அன்றைக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. முன்பக்கம் ஒரு கட்டைவிரல், பின்பக்கம் நாலு விரல். அதில் ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றது.

"ஒரு விரல் குட்டையா இருக்கே?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

ஆறு வாரம் அந்தக் கதையை எடுத்தோம். ஆறு வாரமும் அன்றைய காட்சி கதையில் எத்தனையாவது நாளோ, அட்டையைப் பார்த்து அதற்கேற்ப நிறம் மாற்றி மாற்றி அதே இடது கையில் போட்டாள். நானும் தாளில் தினமும் எழுதினேன். இடது மேல்கை, குட்டை விரல்.

அது ஒளிபரப்பான மறுநாள் காலையில் காயக்காவுக்கு ஒரு போன் வந்தது. பேசியது தங்கை. "அக்கா, அது என் கை" என்றாளாம். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாளாம். காயக்கா மேக்கப் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது தங்கைக்குப் பதினேழு வயது, இவளுக்கு இருபது. அப்பா இல்லை. மாடியில் இருந்தது அம்மாவின் தம்பி, இவர்களுடைய மாமா. இவர்கள் குடியிருந்த வீடே அவருடையதுதான். இளவயதில் மெஷினில் மாட்டி ஆள்காட்டி விரலில் பாதியை இழந்தவர். மற்றதை நான் சொல்லப்போவதில்லை. சீரியலிலேயே காட்டாததை இங்கே எதற்குக் காட்ட? தங்கை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்றாள் அம்மா. பிறகு, அழகு நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மூத்தவளைக் கூப்பிட்டு, "அவளுக்குப் பரீட்சை நடக்குது. அரைக்கை யூனிஃபார்ம். கையச் சரி பண்ணி அனுப்பு" என்றாள். பதினொரு நாள் காலையிலும் காயக்கா தங்கையின் கையில் பூசிவிட்டாள். விஷயத்தைப் பூசி மெழுகினார்கள் என்று பேச்சுக்குச் சொல்வோம். இவள் நிஜமாகவே செய்தாள்.

"என் முதல் மேக்கப் அதுதான்" என்று அழுதாள். "டீச்சர் கண்டுபிடிக்கல. கூடப் படிச்ச பொண்ணுங்க கண்டுபிடிக்கல. அவ்வளவு நல்லாப் பண்ணியிருந்தேன்."

எனக்கு அவள்மேல் கோபம்தான் முதலில் வந்தது. ஒருநாளாவது கை தவறியிருக்கக் கூடாதா என்று இருந்தது. இருக்கிற வீடும் போய்விடும் என்ற பயத்தில் ஒரு இருபது வயதுப் பெண் என்ன செய்வாள் என்பது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் தங்கையே செட்டுக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அதிகம் பேசாதவள். மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அம்மாகிட்ட கேட்டேன்க்கா. அப்படி ஒண்ணும் நடக்கவே இல்லையாம். டிவியப் பாத்துப் பாத்து எனக்கு மூளை குழம்பிடுச்சாம். எந்தத் தடமும் அவங்களுக்கு ஞாபகம் இல்லையாம்."

"அவங்க கெடக்கறாங்க, விடுடி."

"விட முடியலக்கா. அந்த ஆள் செத்து நாலு வருஷம் ஆச்சு, கேஸ் போட ஆள் இல்ல. அம்மா ஒரே ஒரு தடவ ஆமான்னு சொன்னாப் போதும். சில நாள் எனக்கே சந்தேகம் வருது, நானா கட்டின கதையோன்னு." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். கடையில் லீவு கேட்டு வாங்கிய கடிதம். "பதினொரு நாள் அம்மா வீட்டுல இருக்கப்போறேன். அன்னிக்கு பதினொரு நாள் மறைச்சல்ல? இப்ப பதினொரு நாள் அந்தத் தடத்தப் போட்டு விடு."

காயக்கா அந்த அட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்த் தங்கைக்குக் காயம் போட்டுவிட்டு, அங்கிருந்து கம்பெனி வேனில் ஏறி வந்தாள். வேனில் நான் கேட்பேன், அவள் சொல்வாள். முதல் நாள் அம்மா ஈரத்துணியைக் கொண்டுவந்து தேய்தேய் என்று தேய்த்திருக்கிறாள். போகவில்லை. "இது வெறும் சாயம்தானே" என்றாளாம். "ஆமாம்மா. அன்னிக்கு இதுக்கு மேல பூசினதும் சாயம்தான்" என்றாளாம் தங்கை. இரண்டாம் நாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை கையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா எங்கே போனாலும் எதிரே போய் உட்கார்ந்தாள். "கல்லுல நார் உரிக்கறீங்க ரெண்டு பேரும்" என்றேன். காயக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் அவள் வெளியே வர நேரமாகிவிட்டது. டிரைவர் முணுமுணுத்தார். நானே இறங்கி உள்ளே போனேன்.

கூடத்தில் மாமாவின் படம் பெரிய சட்டத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம். நான் மனசுக்குள் ஒரு ராட்சசியை நினைத்து வைத்திருந்தேன், இவளைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. எதிரே முக்காலியில் தங்கை இடது கையை நீட்டியிருந்தாள். காயக்கா குனிந்து அந்தக் குட்டை விரலுக்கு ஊதா தீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு துண்டை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் பார்வை ஒருமுறை அந்தக் கைக்குப் போய்த் துணிக்குத் திரும்பியது. மறுபடி கைக்குப் போனது.

"அந்தக் கை இல்ல" என்றாள் எரிச்சலாக. "வலது கை."

காயக்காவின் தூரிகை அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா சொன்ன?" என்றாள் தங்கை.

அம்மாவின் கை துண்டைப் பிசைந்தது. "டிவியில... அந்த நாடகத்துல அப்படித்தான காட்டினான்..."

"டிவியில இடது கைம்மா."

அவள் முதலில் தூக்கிய வலது கையை மாற்றவைத்ததே நான்தான். ஆறு வாரம் என் கையால் எழுதியவள் நான். இடது மேல்கை.

அம்மா மகளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த துண்டை நாலாக மடித்தாள். பிறகு, "ஆமா" என்றாள். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தங்கைக்குக் கேட்டுவிட்டது. அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

காயக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்பான கைன்னு உனக்குத் தெரியுமாடி?"

"மொத நாளே தெரியும்க்கா."

"சொல்லியிருக்கலாமே."

"உனக்கே மறந்துபோச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

காயக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். அம்மா எழுந்து வந்தாள். தங்கையின் வலது கையை எடுத்து, மேல்கையில் முழங்கைக்கு நாலு விரல் மேலே, சரியாக ஒரு இடத்தில் அந்தத் துண்டை வைத்து அழுத்தினாள். பிறகு துடைக்க ஆரம்பித்தாள். தங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அங்க ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "அக்கா அப்பவே நல்லா மறைச்சிட்டா."