நோன்புத் தட்டில் ஒரு வெல்லக்கட்டி

அஸ்தம்பட்டியில் அந்த அம்மாவின் வீட்டு மேசையில், பேரீச்சம்பழத்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் நடுவே ஒரு வெல்லக்கட்டி இருந்தது. முதல் நோன்பு திறக்க என்னையும் அழைத்திருந்தார். பாங்கு சொல்ல இன்னும் சற்று நேரம் இருந்தது. அவர் நாமக்கல் பக்கம் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த களப்பணியாளன். எங்கள் தொழிலில் வெல்லம் என்பது எதிரி வீட்டுப் பண்டம். அது அவர் தட்டில் ஏறிய கதை போன ஆண்டு மாசி மாதம் நடந்தது.

ஆலைக்குப் பதிவு செய்த கரும்பை வெல்லக் கொட்டகைக்கு ஓட்டிப் போகிறவர்களை மறிப்பதும் எங்கள் வேலைதான். விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. கொட்டகையில் கையோடு காசு, ஆலையில் எப்போதும் பாக்கி. அம்மா மறிக்கும்போது சத்தம் போட மாட்டார். டிராக்டருக்கு முன்னால் போய் நின்று, "ஏன் தம்பி, நம்ம ஆலை ஓடணுமா வேணாமா?" என்று மட்டும் கேட்பார். பாதிப் பேர் வண்டியைத் திருப்புவார்கள், மீதிப் பேர் அசடு வழிந்துகொண்டே ஓட்டிப் போய்விடுவார்கள். கொட்டகைக்காரர் ஒருவர் எங்களை எங்கே கண்டாலும், "வந்துட்டாங்கப்பா கரும்புப் போலீசு" என்பார்.

மார்கழியில் ஓடியிருக்க வேண்டிய ஆலை அந்தப் பருவத்தில் மாசி வரை ஓடவில்லை. கரும்பு பிழியும் உருளை ஒன்று, பணம் கட்டாததால் பழுது பார்த்த பட்டறையிலேயே கிடந்தது. நலிந்த ஆலைகளுக்கு அரசு நிதியுதவி என்று நாளிதழில் செய்தி வந்த அன்றுதான் எங்களுக்கு உயிர் வந்தது. அரவை தொடங்கச் சங்கு ஊதும் நாளில் ஆலை வளாகத்தில் கரும்பு தயாராக நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா முன்கூட்டியே வெட்டு உத்தரவு கொடுத்துவிட்டார். அறிவிப்பு வேறு, பணம் வேறு என்பது அந்தக் குதூகலத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கோப்பு எங்கோ ஒரு மேசையில் படுத்துக்கொண்டது. வெட்டிய கரும்போ வளாகத்தில் டிராக்டர் டிராக்டராக வெயிலில் காய்ந்தது. சாறு வற்ற வற்ற எடை குறையும். ஒரு வருஷப் பாடு கண்ணெதிரே சக்கையாகும்.

விவசாயிகள் கொதித்துப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா ஒரு டிராக்டர் படியில் ஏறி நின்றார். "பணம் இன்னும் வரலீங்க. வந்துரும்னு நம்பி வெட்டச் சொன்னது நான்தான். இந்தக் கரும்பு காயாமப் பாத்துக்கறது எம் பொறுப்பு." மேலிடத்தைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அதிகாரிகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. ஜீப்பில் ஏறியதும் அவர் போகச் சொன்ன இடத்தைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கொட்டகைக்காரரிடம்.

"ஏனுங்கம்மா, வண்டி மறிக்க வந்தீங்களா, இல்ல வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார் அவர்.

"மறிக்க வரலீங்க. என் பேச்சக் கேட்டு வெட்டின கரும்பு நிக்குது. நீங்க அரைச்சுக்கணும். வெலையக் கொறைக்காம எடுத்துக்கணும்."

 கொட்டகைக்காரர் பாகு காய்ச்சும் கொப்பரையிலிருந்து அப்போதுதான் இறக்கிய வெல்லத்தில் ஒரு கட்டி எடுத்து நீட்டினார். கொட்டகைக்குள் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் சூடான வெல்லம் வாயில் போட்ட பிறகுதான் பேச்சு. அம்மா வாங்கினார், ஆனால் வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். "சாயங்காலம் சாப்பிடறேங்க."

கொட்டகைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வெல்லம் உங்களுக்கு ஆவாதுங்களா? சரி, யோசிச்சுச் சொல்றேனுங்க." நோன்பு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா கண்ணாலேயே அடக்கினார். அடுப்பு அனல் அடிக்கும் இடத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் போகச் சொல்லவில்லை, இவரும் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு மெல்லக் கேட்டது. அம்மா முடிச்சை அவிழ்த்து, முக்காடு போட்டுக்கொண்டு, அந்த வெல்லத்தை வாயில் வைத்தார். கொட்டகைக்காரர் பாகு கிண்டும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"பச்சத்தண்ணி குடிக்காமயா இந்த அனல்ல உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நோன்புக்காகப் பாவம் பாத்திருப்பீங்க. கரும்புக்காகப் பாக்கணும்னுதான் இருந்தேன்."

அவர் குனிந்து துடுப்பை எடுத்தார். பிறகு உள்ளே திரும்பி, "இன்னொரு அடுப்பப் பத்த வைங்கப்பா, வளாகத்துக் கரும்பு வருது" என்றார். விலையைப் பற்றி அதன்பின் பேச்சே எழவில்லை. எல்லா நாளும் கொடுக்கும் விலையையே கொடுத்தார்.

நிதியுதவி பிறகு வந்தது. உருளையும் வந்தது, சங்கும் ஊதியது. இந்த ஆண்டு பதிவுக்குப் போனபோது, கொட்டகைக்கே கரும்பு போட்டுக்கொண்டிருந்த பலர் தாங்களாகவே கூப்பிட்டுப் பெயர் கொடுத்தார்கள். அரசு கொடுத்த பணம் ஆலையை ஓட்டியது உண்மைதான். ஆலையை அவர்கள் நம்பியது அந்த அம்மாவால் என்று நான் எங்கும் அடித்துச் சொல்வேன்.

அஸ்தம்பட்டியில் பாங்கு சொன்னார்கள். அம்மா பேரீச்சம்பழத்தை விட்டுவிட்டு வெல்லத்தை விண்டு, பாதியை என்னிடம் நீட்டினார். கொட்டகைக்காரர் பஸ்ஸில் கொடுத்தனுப்பியதாம். வாயில் போட்ட கையோடு அம்மாவின் கைப்பேசி அடித்தது. கொட்டகைக்காரரின் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, வாயில போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க."

"அப்பச் சரிங்க. காலையில இருந்து நானும் ஒண்ணும் சாப்பிடலீங்க. இனி சாப்பிடறேன்."