அஞ்சலை அக்கா குடிக்காத தண்ணீர்

அக்கா இறந்த செய்தி எங்களுக்குப் பேக்டரி பஸ்ஸில்தான் வந்தது. அன்று காலை வழக்கமான இடத்தில் பஸ் நின்றதும் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார். "அஞ்சலை போயிட்டாம்மா. நா இன்னிக்கி ஈஜோக் தோட்டத்து வழியாத்தான் போவேன். சாவுக்கு வர்றவங்க அங்க எறங்கிக்குங்க. வேலைக்கிப் போறவங்க ஒக்காந்திருங்க" என்றார். அக்காவின் லயத்து வீட்டுக்கு முன்னால் பஸ் நின்றபோது கிட்டத்தட்ட எல்லாருமே இறங்கிவிட்டோம். ரவாங் பேக்டரியில் அந்த ஆளுடைய வரிசையில் அன்று கையுறை உரிக்க ஆள் இருந்திருக்காது. நன்றாக வேண்டும்.

அந்த ஆள் என்று நான் சொல்வது எங்கள் சூப்பர்வைசரை. பெயரை எழுத மாட்டேன். இன்று கருமாதிக்குக் கூடியிருக்கும் உங்கள் முன் படிப்பதற்காக இதை எழுதினேன். இதில் அவன் பெயருக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவனை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதவும் முடியவில்லை.

எண்பத்து மூன்று, நான்கு வாக்கில்தான் தோட்டத்துப் பெண்கள் நாங்கள் ரப்பர் கையுறை பேக்டரிக்குப் போகத் தொடங்கினோம். கை வடிவப் பீங்கான் அச்சுகள் சங்கிலியில் வரிசையாக வந்து, ரப்பர்ப் பாலில் முங்கி, அடுப்பில் வெந்து, சூடு ஆறாமல் எங்கள் முன்னால் வரும். ஒவ்வொன்றிலிருந்தும் கையுறையை உரித்துப் போட வேண்டும். சங்கிலி நிற்காது. கழிவறைக்குப் போக வரிசைக்கு ஒரு மரப்பலகை வைத்திருந்தார்கள். அந்த ஆளிடம் கேட்டு, பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆண்கள் வேலை செய்யும் பாய்லர் பக்கமாக நடந்து போய்வர வேண்டும். "இப்பதான போன? பைப்பு ஒடஞ்சி போச்சா?" என்பான், எல்லார் காதிலும் விழும்படி. அந்த வெட்கத்துக்குப் பயந்து, பஸ் ஏறியதிலிருந்து வீடு திரும்பும்வரை நாங்கள் தண்ணீரையே தொடாமல் இருந்தோம். போகப் போக அது ஒரு பெருமையாகவும் ஆகிவிட்டது. "நா இன்னிக்கி ஒரு சொட்டு குடிக்கல லா" என்று பஸ்ஸில் பீற்றிக்கொள்வோம். என்ன புத்தியோ!

ஒருநாள் அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாக நான் சங்கிலிக்குக் கீழேயே சுருண்டு விழுந்தேன். டாக்சி பிடித்து என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனவர் அஞ்சலை அக்கா. எங்களைவிட மூத்தவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டுப் பிறகு பேக்டரிக்கு வந்தவர். சிறுநீரில் கிருமி, தண்ணீர் குடிக்காமலும் அடக்கி வைத்தும் வந்தது என்றார் டாக்டர்.  மறுநாள் அக்கா ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலோடு பஸ் ஏறி, "இந்தா புள்ள, குடி. நீ குடிக்கற வரைக்கும் நா கண்ண எடுக்க மாட்டேன்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு பஸ்ஸில் அவர் தொல்லை தாங்காது. உங்களுக்கே தெரியும். "தாகம் எடுத்தப்பறம் குடிக்கறவ, வீடு பத்திக்கிட்டப்பறம் கெணறு வெட்டறவ" என்பார். ஒரே மூச்சில் குடித்தால் ஏசுவார்: "மாட்டுக்கா ஊத்தற? கொஞ்சங் கொஞ்சமா நாள் பூரா குடி." சிரப்புத் தண்ணீரைக் காட்டி ஏமாற்றவும் விடமாட்டார். "அது நாக்குக்கு. ஒடம்புக்குச் சுட வச்சி ஆறுன தண்ணி." சிறுநீர் மஞ்சளாகப் போனால் உடம்பு நம்மை ஏசுகிறது என்று அர்த்தமாம். டிரைவர் காதில் விழும்படியே இதையும் சொல்வார்.

குடித்தால் பலகை கேட்க வேண்டும். கேட்டால் அவன் வாய். அதற்கும் ஒரு நாள் வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பேக்டரியைப் பார்வையிட வந்தார்கள். அந்த ஆள் டை கட்டிக்கொண்டு மானேஜர் பின்னாலேயே திரிந்தான். ஆபீசில் அவர்களோடு கோப்பை கோப்பையாகத் தேத்தண்ணி குடித்திருப்பான் போலிருக்கிறது. அவர்கள் எங்கள் வரிசையில் நின்றபோது மெல்ல நழுவிக் கழிவறைப் பக்கம் நடந்தான். அக்கா ஆணியிலிருந்த பலகையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். "சார், சார்! பலகை இல்லாமப் போறீங்களே!" என்று எல்லார் முன்னாலும் அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா, அது என்ன என்று மானேஜரைக் கேட்டாள். மானேஜர் விளக்க விளக்க அவள் முகம் மாறியது. பலகையோடு அவன் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது.

அந்த வாரமே பலகை போயிற்று. வரிசை ஓரத்தில் பீப்பாய் போல ஒரு குடிதண்ணீர்த் தோம்பு வந்தது. ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் நிற்க மாற்றாளும் வந்தாள். அக்காவை மட்டும் அந்த ஆள் அடுப்பு வாயில் முதல் இடத்துக்கு மாற்றினான். அங்கே மாற்றாள் கிடையாது. "பழகுன கை வேணும் சார், அஞ்சலையாலதான் முடியும்" என்று மானேஜரிடம் புகழ்ந்து பேசியே மாற்றினான், பாவி. நாங்கள் சண்டைக்குக் கிளம்பினோம். "விடுங்கடி. கெடச்ச தண்ணிய கெடுத்துக்காதீங்க. நா பாக்காத சூடா?" என்று அடக்கிவிட்டார். நாங்கள் தோம்பிலிருந்து மொண்டு மொண்டு குடித்தோம். அக்கா வேலை முடியும்வரை குடிக்காமல் நின்றார். வருடக்கணக்கில் நின்றார்.

கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். டாக்டர் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. அடிக்கடி வந்த கிருமி, கவனிக்காத ரத்த அழுத்தம், சூட்டில் தண்ணீரில்லாமல் வாடிய உடம்பு என்று அடுக்கினார். நான் எனக்கு வேண்டிய காரணத்தை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். கெட்டுப்போன சிறுநீரகம் அதற்கு மேல் தாங்காதாம். ஊர் முழுக்கக் குடி குடி என்று விரட்டியவர், நர்சிடம் இன்னொரு வாய் கேட்டுக் கெஞ்சினார். அந்த ஆளுடைய வீட்டுப் பைப்பை எல்லாம் அடைத்துவிட வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

சாவுக்கு அவன் மாலையோடு வந்தான். யாரும் நாற்காலி போடவில்லை. ஆண்கள் சவத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தவன், என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது.

"நீதான கடைசி வரைக்கும் கூட இருந்த. அஞ்சலை என்னப் பத்தி எதாச்சும் சொன்னிச்சாம்மா? எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல."

சொல்லியிருந்தார். கடைசியாக நான் பார்க்கப் போன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு வந்தான்னா சொல்லு புள்ள. எனக்கு அவன்மேல கோவம் ஒன்னும் இல்ல. புள்ளகுட்டிக்காரன், நிம்மதியா இருக்கட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

"ஒன்னும் சொல்லல" என்றேன் அவனிடம். அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

அக்காவின் சேலைகளை மகள்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தை. அது அவனுக்குச் சேர வேண்டியது என்று தெரியும். கொடுக்காமல் வைத்திருப்பதற்கு அக்கா என்னை ஏசுவார் என்றும் தெரியும். ஏசட்டும். இதைக் கேட்ட நீங்களும் இரக்கப்பட்டு அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். அது என்னிடமே இருக்கும். அவன் காய்ந்து கிடக்கட்டும்.