முதலாளிக்கு முதுகு காட்டியவர்

ஆள் ஆறடி, பட்டப்பெயர் மலை. மெத்தைக் கம்பெனி முதலாளிக்கு மெய்க்காப்பாளர். அந்த முதலாளியைக் கொல்ல ஊரில் யாருக்கும் நேரமில்லை. எதிர்க்கடைத் தலையணை வியாபாரி ஒரு காவலாளை வைத்துக்கொண்டதும் இவருக்கும் உயிர்பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வீரம் பெரிதாக வேண்டாம். நல்ல மூட்டும் பொறுமையான மூத்திரப்பையும் போதும். கூட்டத்தின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, யாரைக் காக்கிறோமோ அவருக்கு முதுகைக் காட்டியே நிற்க வேண்டும். மலை இதில் கெட்டி. புதுக்கடைத் திறப்பு விழா நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒரு கொசு அவரை நெருங்கக் கூடாது," என்று பயிற்சி செய்தவரிடம் மனைவி, "வீட்டுக் கொசுவை அடிக்கச் சொன்னா மட்டும் கை வலிக்குமே!" என்றாள்.

விழாவில் பேச்சாளர்கள் மைக்கை விடவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்ட முதலாளி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வியர்த்தது, கை நடுங்கியது, பக்கத்தில் விரித்திருந்த மெத்தையில் சரிந்தார். விளம்பரம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மலையும் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதியோர் இல்லத்துக்கு மெத்தை வாங்க வந்த ஒரு தாதி மட்டும் பைக்குள் கைவிட்டபடி ஓடிவந்தார்.

"கையை வெளிய எடுங்கம்மா!"

"சர்க்கரைப் பொட்டலம்பா. வழிய விடு, ஆள் போயிடுவாரு."

"யாரும் கிட்ட வரக்கூடாது."

"சரி, நீயாவது திரும்பிப் பாரு, தடிமாடே!"

திரும்பினால் வேலை போகும். ஆனாலும் மலை திரும்பினார். முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. வழிவிட்டு, தண்ணீரும் கொண்டுவந்தார்.

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் முதலாளி எழுந்து உட்கார்ந்தார். "இந்தம்மாவை யார் மேடைல ஏத்துனது?"

"நான்தாங்க."

"தலையணைக்காரன் அனுப்பின ஆளா இருந்தா?"

"கொல்ல வர்றவனுக்கு இங்க என்னங்க வேலை?" என்றார் தாதி. "பாதி தூரம் நீங்களே போயிட்டீங்களே!"

நிரந்தரம் அன்றே கைநழுவியது. மறுநாள் அந்த இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள், இருவரும் முதலாளிக்கு முதுகு காட்டி. மலை முதியோர் இல்லத்துக்குப் போய் வேலை கேட்டார்.

"முதல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு," என்றார் தாதி. "பெரியவரைக் குளிப்பாட்டணும். தரை வழுக்கும். வாசலைப் பாக்காதே, அவரைப் பாரு."